எந்தக் கதவைத் தட்டுவது?

சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் 2013 வாக்கில் வானொலியில் ஒரு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. ஒருவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, ஓடுகிறான், பிடித்துச் சங்கிலியில் கட்டுங்கள் என்று பதறும் குரல்களோடு அது தொடங்கும். அதன் சாரம் இதுதான்: கட்டிப்போடாதீர்கள், கழுதைப்புலியிடம் விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

விளம்பரத்தைக் கொடுத்தவர் அப்திரஹ்மான் அலி அவாலே. ஊருக்கு அவர் ‘டாக்டர் ஹபீப்’. இத்தனைக்கும் அவர் மனநல மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை. நர்ஸ் வேலை பார்த்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று மாதப் பயிற்சிதான் மனநலத்தில் அவர் கற்ற கல்வி. புத்தி பேதலித்த பெண்கள் சிலரை இளைஞர் கூட்டம் ஒன்று தெருவில் துரத்திக்கொண்டு ஓடியதை 2005ல் பார்த்தபோதுதான் இந்த வேலைக்கு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். உள்நாட்டுப் போர் ஓயாத அந்த நகரத்தில் அதே ஆண்டு ஒரு மனநல ஆஸ்பத்திரியையும் தொடங்கிவிட்டார்.

கழுதைப்புலி எங்கிருந்து வந்தது? அதன் கண்ணுக்கு எல்லாம் தெரியும், மனிதனுக்குள் புகுந்துகொண்ட ஜின்னும் தெரியும் என்பது அங்கே சிலரிடம் உள்ள நம்பிக்கை. நோயாளியை ஓர் இரவு முழுக்கக் கழுதைப்புலியோடு ஓர் அறையில் அடைத்துவிடுவார்கள். அது பிறாண்டினாலும் கடித்தாலும் ஜின்னைத்தான் தாக்குகிறது, அடி தாங்காமல் ஜின் ஓடிவிடும் என்று பெற்றவர்கள் வெளியே காத்திருப்பார்கள். இதற்கான கட்டணம் சுமார் 560 டாலர் என்று அப்போது செய்தி வந்தது. அந்த நாட்டில் அப்போது ஒரு சாதாரண மனிதரின் ஓராண்டு வருமானமே அவ்வளவு தேறவில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இது கிடைத்தற்கரிய கதை. ‘இருண்ட கண்டம்’ பற்றிய பழைய கற்பனைகளுக்கு இதைவிட என்ன தீனி வேண்டும்? ஆனால் மிகப் பெரும்பாலான சோமாலியக் குடும்பங்கள் மகனையோ மகளையோ கழுதைப்புலியிடம் கொண்டுபோவதில்லை. அவர்கள் முதலில் தட்டுவது வேறொரு கதவை. அது ஷேக்கின் வீட்டுக் கதவு.

ஓதிய தண்ணீர்

ஒரு வீட்டில் இளைஞன் ஒருவன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், தனக்குத் தானே பேசுகிறான், சாப்பாட்டில் விஷம் வைத்திருப்பதாகச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கூடுவது உறவினர்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் வருவார்கள். யாராவது கண் வைத்தார்களா, சூனியம் செய்தார்களா, ஜின் தொட்டதா என்ற விசாரணை நடக்கும். பிறகு திருக்குர்ஆன் ஓதத் தெரிந்த ஷேக் அழைக்கப்படுவார்.

அவர் பக்கத்தில் அமர்ந்து ஓதுவார். சில நாட்கள், சில வாரங்கள்கூட இது நீளும். தண்ணீரில் ஓதி ஊதி, அதைக் குடிக்கவும் குளிக்கவும் கொடுப்பார்கள். இதற்குத் ‘தஹ்லீல்’ என்று பெயர். வசனங்களை மையால் எழுதி, கழுவி, அந்த நீரைக் கொடுப்பதும் உண்டு. சாம்பிராணிப் புகை போடுவார்கள். உலகுக்கே குங்கிலியம் தரும் மரங்கள் வளரும் மண் அது. ஆடறுத்து ஏழைகளுக்குச் சோறு போடுவார்கள். ஓதிய தண்ணீருக்குப் பள்ளிவாசல் வாசலில் குழந்தையோடு நிற்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதில் எதுவும் விநோதமாகத் தோன்றாது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இப்படி ஓதும்போது நோயாளி தனியாக இல்லை. அவனைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுக்கு வந்திருப்பது வெளியிலிருந்து வந்த தொல்லை, அவன் குணத்தின் குற்றம் இல்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஜின் வந்ததென்றால் ஜின் போகவும் செய்யும். துக்கத்திலும் பயத்திலும் உறைந்துபோன ஒருவருக்கு இதுவே பாதி மருந்து. போரில் பிள்ளையை இழந்த தாய்க்கு ஓதுதலும் உறவினர் கூட்டமும் தரும் ஆறுதலை எந்த மாத்திரையும் முழுதாகத் தந்துவிடாது.

மறு பக்கமும் இருக்கிறது. மூளையின் வேதியியல் குலைந்து வரும் தீவிர மனச்சிதைவு ஓதுதலோடு நின்றுவிடுவதில்லை. கால்கை வலிப்பையும் பல குடும்பங்கள் ஜின்னின் வேலையாகவே பார்க்கின்றன. மலிவான மாத்திரையால் அடக்கக்கூடிய வலிப்பு, வருடக்கணக்கில் அடக்கப்படாமல் போகிறது. சில வைத்தியர்கள் சூடு போடுகிறார்கள். ஜின்னை விரட்டுகிறேன் என்று அடிப்பவர்களும் உண்டு.

பைத்தியம் அல்லது ஒன்றுமில்லை

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. நோய்க்கு வைக்கும் பெயர் தீர்மானிக்கிறது. சோமாலி மொழியில் இதற்கான சொற்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

‘வாலி’ என்றால் பைத்தியம். தெருவில் துணியில்லாமல் திரிபவர், கல்லெறிபவர், கட்டிப்போட வேண்டியவர் என்பதே அச்சொல் எழுப்பும் படம். ‘முருக்’ என்றால் துயரம். ‘வெல்வெல்’ என்றால் கவலை. ‘நியத்-ஜப்’ என்றால் மனம் உடைந்து போதல். முருக்கும் வெல்வெல்லும் எல்லோருக்கும் வருவது; அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தொழுவார்கள், உறவினரிடம் பேசுவார்கள், பொறுத்துக்கொள்வார்கள். வாலி வந்தால் வீடே மறைக்கும். இரண்டுக்கும் இடையில் ‘மனநலக் குறைவு’ என்றொரு நிலை இருக்கிறது, அதற்கு வைத்தியம் உண்டு, வைத்தியத்துக்குப் பின் பழையபடி வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அன்றாடப் பேச்சில் இடம் குறைவு. ஒருவர் பைத்தியம், இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே மனநல டாக்டரிடம் போவது என்றால் ‘என் மகள் வாலி’ என்று ஊரறியச் சொல்வதாகிவிடுகிறது. அதன்பின் அவளுடைய தங்கைக்கு வரன் வருமா என்பது கேள்வி. ஷேக்கிடம் போனால் அந்த ஆபத்து இல்லை. ஜின் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஜின் பிடித்த வீட்டில் பெண்ணெடுக்கத் தயங்குபவர்கள்கூட, அது நீங்கிவிட்டது என்றால் மனம் மாறுவார்கள். குடும்பங்கள் ஷேக்கின் கதவை முதலில் தட்டுவதை வெறும் அறியாமை என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பெண்களுக்கென்று இன்னொரு கதவும் இருந்தது. அதன் பெயர் ‘சார்’. ஆவி பிடித்த பெண்ணை நடுவில் வைத்து, மேளமடித்து, புகை போட்டு, மற்றப் பெண்கள் பாடி ஆடுவார்கள். ‘அலகத்’ எனப்படும் தலைவி ஆவியோடு பேரம் பேசுவாள். ஆவி புதுத் துணி கேட்கும், வாசனைத் திரவியம் கேட்கும், நல்ல சாப்பாடு கேட்கும். கணவன் வாங்கித் தந்தாக வேண்டும். 1950களில் பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ் இதைக் கூர்ந்து கவனித்தார். ஒட்டகங்களோடு மாதக்கணக்கில் போய்விடும் கணவன், எப்போது வேண்டுமானாலும் வந்து சேரக்கூடிய சக்களத்தி, நேராகக் குறை சொல்ல வழியில்லாத மனைவி. அவள் வாயால் கேட்க முடியாததை ஆவி கேட்கிறது என்றார் அவர். எல்லா ஆவியையும் இப்படி விளக்கிவிட முடியாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு. இருந்தாலும் அழ இடமில்லாத பெண்களுக்கு அங்கே அழ ஓர் இடம் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் மார்க்கச் சீர்திருத்த இயக்கங்கள் வலுத்தன. ‘சார்’ இஸ்லாத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கப்பட்டது. மேளம் அடங்கியது, ஒளிந்து நடத்துகிறவர்கள் மட்டும் நடத்துகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் ‘இலாஜ்’ நிலையங்கள். ‘இலாஜ்’ என்றால் சிகிச்சை. குர்ஆன் ஓதுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட இவை ஹர்கெய்சா, மொகதிஷு முதல் நைரோபியில் சோமாலியர் நிறைந்த ஈஸ்ட்லீ வரை பரவின.

சங்கிலியின் வரலாறு

வீட்டுக்கு வந்து ஓதும் ஷேக்குக்கும் நிலையத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டில் தாய் பக்கத்தில் இருக்கிறாள். நிலையத்தில் நோயாளி அடைக்கப்படுகிறார், மாதக் கட்டணம் ஓடுகிறது.

அடைப்பதற்கான தேவையைப் போர் உண்டாக்கியது. சியாத் பார்ரேயின் ராணுவ ஆட்சி 1988ல் ஹர்கெய்சா நகரத்தைத் தன் சொந்த விமானங்களாலேயே குண்டு வீசித் தகர்த்தது. 1991 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தது. அதோடு அரசாங்கம் என்ற ஒன்றும், அதன் ஆஸ்பத்திரிகளும் விழுந்தன. வடக்கே சோமாலிலாந்து 1991 மே 18 அன்று தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. தெற்கே சண்டை தொடர்ந்தது. துப்பாக்கியோடு வளர்ந்த ஒரு தலைமுறை, சண்டை ஓய்ந்த ஊர்களில் வேலையின்றித் திண்ணைகளில் உட்கார்ந்து ‘காத்’ இலையை மென்றது. எத்தியோப்பியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் தினந்தோறும் வந்திறங்கும் இந்த இலை தூக்கத்தைத் துரத்தும், உற்சாகம் தரும். அளவு மீறினால் சந்தேகத்தையும் பிரமைகளையும் கிளப்பிவிடும். ஹர்கெய்சாவில் வீடு வீடாகப் போய் விசாரித்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வு, கடும் மனநோய்க்கும் காத் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியது. முன்னாள் போராளிகளிடையே நிலைமை மோசமாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கை, சோமாலியாவில் மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு விதமான மனநலக் குறைவுக்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. மனநல டாக்டர்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கணக்கில் ஒரு குடும்பம் என்ன செய்யும்? பகலில் வேலைக்குப் போகவேண்டும். மகன் தெருவில் ஓடினால் கல்லடி படுவான். ஆயுதம் ஏந்தியவன் எவனாவது சுட்டும் விடுவான். எனவே வீட்டுத் தூணிலோ மரத்திலோ சங்கிலி. கட்டியவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டிய தாயே காலில் புண் வராமல் சங்கிலிக்கு அடியில் துணி சுற்றிவிடுகிறவளாகவும் இருக்கலாம். ஆனால் கட்டப்பட்டவனுக்கு அது பத்து வருடமானாலும் சங்கிலிதான்.

நிலையங்களில் நிலைமை வேறு. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2015ல் சோமாலிலாந்து பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தனியார் நிலையங்களில் ஆண்கள் சங்கிலியில் கிடந்ததையும், அடிபட்டதையும், வெளியே போக அனுமதி இல்லாததையும் அது பதிவுசெய்தது. அவர்களில் பலர் தங்கள் சம்மதம் இல்லாமல் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். இலாஜ் நிலையங்கள் மட்டுமின்றி மாத்திரையும் ஊசியும் போடும் நிலையங்களிலும் சங்கிலி இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மருத்துவத்தின் பெயரால் கட்டினாலும் மார்க்கத்தின் பெயரால் கட்டினாலும் இரும்பு ஒன்றுதான். ‘பழைய வைத்தியம் கெட்டது, புதிய வைத்தியம் நல்லது’ என்ற எளிய தீர்ப்பு இங்கே செல்லுபடியாகாது.

ஊதிப் பெருத்த ஆசை

போரில் தப்பியவர்கள் அண்டை நாட்டுக்கு ஓடினார்கள். கென்யாவில் 1991ல் தொடங்கிய தாதாப் அகதி முகாம்கள் சுமார் 90,000 பேருக்காக அமைக்கப்பட்டவை. 2011ன் பஞ்சத்தின்போது அங்கே ஐந்து லட்சம் பேர் அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அங்கே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு.

முகாம் வாழ்க்கை ஒரு புதிய நோயையும் அதற்கு ஒரு பெயரையும் கொடுத்தது. அது ‘பூஃபிஸ்’. காற்றை ஊதி நிரப்புவது என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்த சொல். அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விட வேண்டும் என்ற ஆசை உள்ளே ஊதிப் பெருத்துக்கொண்டே இருப்பதுதான் பூஃபிஸ். பட்டியலில் பெயர் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர், பக்கத்துக் குடிசைக்காரர் விமானம் ஏறுவதைப் பார்ப்பார். இவருடைய மனுவோ நிராகரிக்கப்படும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. இதனால் சித்தம் கலங்கியவர்களும் உண்டு. டச்சு ஆய்வாளர் சிண்டி ஹோர்ஸ்ட் தாதாபில் இருந்து திரட்டி 2006ல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லை விரிவாக விளக்கியிருக்கிறார். 2017 ஜனவரியில் அமெரிக்கா சோமாலியர் வருகைக்குத் தடை போட்டபோது, பயணத்துக்குத் தயாராக நைரோபி வரை வந்துவிட்ட அகதிகள் மறுபடியும் தாதாபுக்கே பஸ் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். எந்த மருத்துவ அகராதியிலும் இல்லாத இந்த நோய்க்கு ஜின்னும் காரணமில்லை, மூளையும் காரணமில்லை. இங்கே மருந்து என்பது ஒரு விசா.

விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு வேறு சிக்கல். அமெரிக்காவின் மினியாபொலிஸ், பிரிட்டனின் லண்டன், பின்லாந்தின் ஹெல்சின்கி என்று பனி கொட்டும் நகரங்களில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் சோமாலிய நோயாளி தலைவலி என்கிறார், நெஞ்சில் பாரம் என்கிறார், உடம்பெல்லாம் எரிகிறது என்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. டாக்டர் அச்சிட்ட தாளைப் பார்த்து ‘டிப்ரஷன்’ பற்றிக் கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சோமாலியில் சொல்லவேண்டும். முருக் என்றால் அது வெறும் துயரம். வாலி என்றால் நோயாளி எழுந்து போய்விடுவார். பூஃபிஸ் என்ற சொல் இப்போது வெளிநாட்டுச் சோமாலியரிடையே மனச்சோர்வுக்கும் வழங்கத் தொடங்கியிருக்கிறது. சரியான சொல்லைப் பிடிப்பதில்தான் அந்த அறையில் வைத்தியம் தொடங்குகிறது, அல்லது முடிகிறது.

மொழிபெயர்ப்பாளர் யார் என்பதும் விஷயம். சிறிய சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர் எதிர்க் குலத்துக்காரராக இருந்தால் போரில் நடந்ததை எப்படிச் சொல்வது? சொந்தக் குலத்துக்காரராக இருந்தால் நாளைக்கு இது கல்யாண வீட்டுப் பேச்சாகிவிடாதா? நோயாளி தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்.

டாக்டரிடம் கிடைக்காத ஆறுதலைத் தேடிச் சிலர் விமானம் ஏறித் தாய்நாட்டுக்கே திரும்புகிறார்கள். பின்லாந்திலிருந்து சோமாலிலாந்துக்குப் போய் ஷேக்குகளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களை மார்ஜா தீலிகைனென் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். தெரிந்த வெயில், தெரிந்த மொழி, சுற்றிலும் உறவினர். சிலர் தேறித் திரும்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் ‘கெட்டுப்போன’ பிள்ளைகளை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அழைத்துவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நிலையங்களில் அடைத்த கதைகளும் இருக்கின்றன. ஒரே பயணம் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குச் சிறை.

இரண்டு கதவுகளுக்கு நடுவே

அப்படியானால் வழி என்ன? ஜின் என்பதே பொய் என்று ஒரு டாக்டர் சொன்னால், குர்ஆனில் சொல்லப்பட்டிருப்பதை அவர் பொய் என்கிறார் என்றே நோயாளியின் தாய் எடுத்துக்கொள்வாள். அதோடு அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பமாட்டாள். ஜின்னை ஏற்பதா மறுப்பதா என்ற வாதத்துக்கே போகாமல் வேலையைத் தொடங்கியவர்கள்தான் ஓரளவு வெற்றி கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் அங்குள்ள சோமாலியச் சமூகத்தினரும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். அது நடப்பது பள்ளிவாசலில். நடத்துபவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு அமர்வுகள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நோயும் இழப்பும் தாங்கிய அய்யூப் நபியைப் போன்றவர்களின் வரலாற்றிலிருந்து பேச்சு தொடங்கும். பிறகு ஒவ்வொருவரும் தன் மனதை விட்டுப் போகாத அந்தக் கொடிய நினைவை இறைவனிடம் சொல்லி துஆ கேட்பார். பயந்து ஒதுக்கிய நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைப்பது உளவியலில் நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை. இங்கே அந்த நினைவைக் கேட்பவர் மட்டும் மாறியிருக்கிறார். இதே முறை பிறகு சோமாலிலாந்திலும் சோதிக்கப்பட்டது. பாஸ்டன் நகரில் சோமாலியப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு திட்டம் பள்ளிக்கூடத்தின் வழியாகவே போயிற்று. அதன் பெயர் ‘ஷிஃபா’. குணமடைதல் என்று பொருள். மனநோய் என்ற வார்த்தை பெயர்ப் பலகையில் எங்கும் இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் சோமாலிலாந்து மருத்துவக் கல்விக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. அதன் பயனாக உள்ளூர் மருத்துவ மாணவர்கள் மனநலப் பாடமும் படித்து வெளிவந்தார்கள். சொந்த மொழியில் கேள்வி கேட்கும் டாக்டருக்கு ஷேக் யார், அவர் வீடு எங்கே என்பது தெரிந்திருக்கும். ஓதியும் குறையாத நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் ஷேக்குகளும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடிப்பதும், அடிக்கிறவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்தறிவதும்தான் வேலை.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் உயிர்களைக் கொடுத்துத்தான் வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்குக் குணம் தேடி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, குஜராத்தின் உனாவா தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும் ‘தவா–துவா’ என்ற ஏற்பாடு வந்தது. ‘தவா’ மருந்து, ‘துவா’ பிரார்த்தனை. வழிபட வந்தவரை விரட்டாமல், அங்கேயே டாக்டரும் பார்ப்பார். சோமாலியர் பள்ளிவாசலில் செய்து பார்ப்பதும் இதற்குப் பங்காளி முறைதான். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2020ல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கை, சுமார் 60 நாடுகளில் மனநோயாளிகள் இப்படிக் கட்டப்படுவதாகச் சொன்னது. கழுதைப்புலிக் கதையைப் படித்துச் சிரிக்கும் தகுதி அதிகம் நாடுகளுக்கு இல்லை.

மொகதிஷுவில் டாக்டர் ஹபீபின் ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, உலக சுகாதார நிறுவனம் 2000களின் பின்பாதியில் ‘சங்கிலி இல்லா’ இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு மூன்று படிகள். முதலில் ஆஸ்பத்திரியில் சங்கிலியை அகற்றுவது. பிறகு வீடுகளில் அகற்றுவது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சங்கிலியை ஊரிலிருந்து அகற்றுவது. அதாவது, குணமானவருக்கு வேலை, வீடு, அக்கம்பக்கத்தாரின் மரியாதை கிடைக்கச் செய்வது. முதல் படிக்கு ஓர் உத்தரவும் மாத்திரையும் போதும். இரண்டாவதற்குத் தாயின் நம்பிக்கை வேண்டும். மூன்றாவதற்கு, வாலி என்ற ஒரு சொல்லின் பொருளே மாறவேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களின் பிற்பகுதியிலேயே டாக்டர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். நோயாளியிடம் முதலில் அவருடைய விளக்கத்தைக் கேளுங்கள்: இந்தத் தொல்லைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள்? மருந்துச்சீட்டு எழுதுவது அதற்குப் பிறகு. ‘ஜின்’ என்று சொன்னால் ‘சரி, ஷேக் என்ன சொன்னார், எத்தனை நாள் ஓதினார்?’ என்று அடுத்த கேள்வி வரவேண்டும்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சோமாலியத் தாய்க்கு இதைக் கேட்க ஒரு டாக்டர் கிடைத்துவிட்டால், அவள் மகனை மறுபடி அழைத்து வருவாள். ஓதிய தண்ணீர் ஒரு பாட்டிலில் அவள் கைப்பையில் இருக்கும். மாத்திரையை அந்தத் தண்ணீரிலேயே விழுங்கச் சொல்லிவிட்டால் போகிறது.